ஏழு மடிப்புக்கு ஒரு மெஷின்

அஸ்தினாபுரத்து வீட்டு வராந்தாவில் அம்மாவின் கை மஞ்சள் பைக்குள் போனது. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

பலமாக இல்லை. எதிரே இருந்தவருக்குத் தெரியாதபடி, முந்தானைக்கு அடியில், இரண்டு விரலால் ஓர் அழுத்தம். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த தையல் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மழைக்கு முந்தைய புழுக்கம். வராந்தாக் கம்பிகளுக்குப் புதிதாகப் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்த வாசனை. உள்ளே யாரோ ரேடியோவை அணைத்தார்கள். பைக்குள் போன கை மெதுவாக வெளியே வந்தது, வெறுங்கையாக.

இந்தத் தொடரில் என் படிப்பைப் பற்றி நிறைய எழுதிவிட்டேன். டைப்ரைட்டிங் பரீட்சை பற்றிய அத்தியாயத்தைப் படித்துவிட்டு ஒரு வாசகி கார்டு போட்டிருந்தார். 'எல்லாக் கதையிலும் உங்கள் அம்மா ஓரமாக நின்று உங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாரே, அவர் என்னதான் செய்தார்?' என்று கேட்டிருந்தார். அந்த கார்டை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். அதனால் இந்த வாரம் அந்த மணிக்கட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

போர்வைக்காரம்மா

எங்கள் வீடு இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து நான்கு சந்து உள்ளே. ஒரே அறை. பெரிய லாரி போனால் அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசும். அப்பா திரிசூலம் பக்கம் கல் உடைத்தவர். நான் எட்டாவது படிக்கும்போது இருமி இருமியே போய்விட்டார். அதற்கப்புறம் அம்மாவும் நானும்தான்.

தெருவில் அம்மாவுக்குப் போர்வைக்காரம்மா என்று பெயர். பழைய நூல் புடவைகளை அடுக்கித் தைத்துக் கொடுப்பாள். சேலையூர், செம்பாக்கம் வீடுகளிலிருந்து சாயம் போன புடவைகள் வரும். சோடா உப்புப் போட்டு வேகவைத்து, வெயிலில் காயவைத்து, நைந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை ஏழு மடிப்பாகத் தரையில் விரிப்பாள். மேல் மடிப்புக்கு மட்டும் நல்ல துண்டுகளாகப் பார்த்துச் சதுரம் சதுரமாக ஒட்டுப்போடுவாள். அப்புறம் ஓரத்திலிருந்து நடு வரைக்கும் ஓட்டுத் தையல், விரல் அகலத்துக்கு ஒரு வரிசையாக.

பிள்ளை பெற்ற வீட்டில் வாங்குவார்கள். படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர்களுக்கு வாங்குவார்கள். புதுத் துணி உறுத்தும். பத்து வருஷம் ஒருத்தி உடம்பில் கிடந்து நனைந்து காய்ந்த துணி உறுத்தாது.

"ஏழு பொம்பள ஒண்ணா சேந்து ஒரு புள்ளைய மடில வெச்சினு கீற மாதிரி" என்று அம்மா சொல்வாள்.

அந்த ஏழு மடிப்பில் ஊசியைத் தள்ளித் தள்ளித்தான் அவள் வலது கட்டைவிரலின் அடிமூட்டு வீங்கியது. முதலில் காலையில் மட்டும் வலித்தது. பிறகு சொம்பைத் தூக்க முடியவில்லை. சோற்றைப் பிசைய முடியவில்லை. டாக்டர் விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஊசி பிடிச்சீங்கன்னா இது இப்படியே நின்னுடும்மா. அப்புறம் மடங்காது" என்றார்.

வெளியே வந்ததும் அம்மா, "நின்னா நிக்கட்டும். இன்னும் ஒம்போது கீதே" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பள்ளிக்கூடச் சேர்க்கைத் தாளில், உதவித்தொகைத் தாளில், கல்லூரி விண்ணப்பத்தில், பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் எல்லாம் ஊதா மையில் அம்மாவின் ரேகைதான் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் மையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொள்வாள். எங்கள் குடும்பத்தில் பெயர் எழுதத் தெரிந்த முதல் ஆள் நான். அதைச் சொல்வதில் எனக்கு இன்றும் பெருமைதான், மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்தப் பெருமை ஒரு தடவை என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

மெஷின் வாங்கிவிடலாம் என்று சொன்னது நான். அப்போது தாம்பரத்தில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. புது மெஷின் எங்களுக்கு எட்டாது. பழசு என்றால் என் சேமிப்பும் அம்மாவின் சீட்டுப் பணமும் சேர்த்தால் முடியும்.

அந்தச் சமயத்தில்தான் செம்பாக்கத்தில் ஏரிப் பக்கம் புதிதாகத் திறந்த முதியோர் இல்லத்தில் பன்னிரண்டு போர்வை கேட்டிருந்தார்கள், மார்கழிக் குளிருக்குள். "மெஷின் தையல்லயே தர்றோம் மேடம், ஸ்ட்ராங்கா இருக்கும்" என்று அங்கே வாக்குக் கொடுத்ததும் நான்தான். அப்போது எங்களிடம் மெஷினே இல்லை.

பன்னிரண்டு குறிப்புகள்

எதையும் படித்துத் தெரிந்துகொண்டுவிடலாம் என்று நம்பிய வயது. நூலகத்தில் தையல் புத்தகம் ஒன்றை எடுத்து வந்து, ஒரு நோட்டில் குறிப்புகள் எழுதினேன். சக்கரத்தைக் கையால் சுற்றினால் தடங்கல் இருக்கக் கூடாது. ஊசித்தண்டு ஆடக் கூடாது. துணியை நகர்த்தும் பல் தேய்ந்திருக்கக் கூடாது. மேல் நூலும் அடி நூலும் துணிக்கு நடுவில் பின்னிக்கொள்ள வேண்டும், மேலேயோ கீழேயோ முடிச்சு தெரியக் கூடாது. இப்படிப் பதினொன்று. ஒவ்வொன்றுக்கும் எதிரே டிக் போட ஒரு கட்டம்.

தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னால் காதர் பாய் என்பவர் மெஷின் ரிப்பேர் பார்ப்பார். அம்மாவோடு போய் நோட்டை அவரிடம் காட்டினேன். எண்ணெய்க் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார்.

"இன்னாமா, மாப்பிள்ளைக்கு ஜாதகம் பாக்கற மாதிரி எழுதினு வந்துகீற?"

"தப்பா இருக்கா பாய்?"

"தப்பே இல்ல. எல்லாம் கரீட்டு. ஆனா நீ இன்னா தைக்கப் போறியோ, அந்தத் துணிய எடுத்துனு போ. அத்தத்தான் மெஷினுக்குக் காட்டணும். வேற துணில தச்சுப் பாத்து வாங்குனா பேஜாராயிடும். அப்பறம், அம்மாக்குக் கை வலின்றியே, கால் மெஷினா பாரு. கை மெஷின் வாணாம்."

பன்னிரண்டாவதாக அதையும் எழுதிக்கொண்டேன். அந்த நோட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது. 'தைக்கப்போகும் துணியிலேயே தைத்துப் பார்க்கவும்.' அழகான கையெழுத்து. கீழே கோடுகூடப் போட்டிருக்கிறேன்.

அம்மாவுக்கு எழுதிக்கொள்ளத் தெரியாது. அவள் வீட்டுக்கு வந்ததும் ஏழு மடிப்பில் ஒரு முழத் துண்டு தயார் செய்து, உருட்டி, மஞ்சள் பையில் வைத்துக்கொண்டாள்.

முதலில் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனோம். துருப்பிடித்த சைக்கிள் ரிம்களுக்கும் உடைந்த மிக்சிகளுக்கும் நடுவில் ஒரு கால் மெஷின் நின்றது. அம்மா தயங்காமல் பையிலிருந்து துண்டை எடுத்து ஊசிக்கு அடியில் வைத்தாள்.

"யக்கா, மெத்தையவே கொண்டாந்துட்டியே. தலகாணி எங்கே?" என்றார் கடைக்காரர்.

"வூட்ல தூங்கினு கீது" என்றாள் அம்மா.

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சக்கரம் பாதியில் நின்றுவிட்டது, அதனால் அந்த மெஷின் வேண்டாம் என்று வந்துவிட்டோம். அங்கே எனக்குக் கூச்சமே வரவில்லை. ஏன் வரவில்லை என்று அன்றைக்கு யோசித்திருக்க வேண்டும்.

பொன்னெழுத்து

அஸ்தினாபுரத்து வீட்டைப் பற்றி ஆபீஸில்தான் சொன்னார்கள். ரிடையரான ஓர் அம்மா. மகனோடு பெங்களூரில் போய் இருக்கப்போகிறார். வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக விற்றுக்கொண்டிருந்தார்.

மெஷினுக்கு வளைந்த மரமூடி இருந்தது. அவர் அதைத் தூக்கியதும் உள்ளேயிருந்து பழைய எண்ணெயும் கற்பூரமும் கலந்த வாசனை வந்தது. சிறிய கை மெஷின். கறுப்பு உடம்பு முழுக்கப் பொன் கொடிகள். நடுவில் பொன்னெழுத்தில் ஏதோ ஓர் ஐரோப்பிய ஊரின் பெயர். நான் அதை வாய்விட்டுப் படித்தேன்.

"கரெக்டா படிச்சுட்டியே. என் மாட்டுப்பொண்ணுக்கே வராது" என்றார் அந்த அம்மா. "என்ன படிச்சிருக்கே?"

"பி.ஏ. மேடம். டைப்ரைட்டிங் ஹையர்."

"உங்க ஃபேமிலில நீதான் ஃபர்ஸ்ட்டா?"

"ஆமாம் மேடம்."

"வெரி குட்" என்றார். அம்மாவைப் பார்த்து, "நீங்க குடுத்துவெச்சவங்க" என்றார். அம்மா நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து சிரித்தாள். இருவருக்கும் எவர்சில்வர் டபராவில் காபி வந்தது. அந்த அம்மாவிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது. நடந்தது முழுக்க என்னால்தான்.

"என்ன தைப்பீங்க?" என்று கேட்டார்.

அப்போதுதான் அம்மாவின் கை பைக்குள் போனது.

அந்தத் துண்டின் மேல் மடிப்பு எனக்கு ஞாபகம் இருந்தது. ஏதோ ஒரு வீட்டின் மாம்பழ மஞ்சள் புடவை, ஓரம் நைந்தது. இந்த அம்மாவும் இப்படித்தான் வேலைக்கு வருகிறவளிடம் பழைய புடவை கொடுத்திருப்பார். அதை வாங்கித் தைத்துப் பிழைக்கிறவர்கள் நாங்கள் என்று தெரிந்தால், அந்த 'வெரி குட்' என்னவாகும் என்று நினைத்தேன். அவ்வளவு நேரம்கூட இல்லை. என் விரல்கள் முந்திக்கொண்டு அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டன.

"ப்ளவுஸ், பாவாடை, குழந்தைங்க ஃப்ராக். அந்த மாதிரி மேடம்" என்றேன்.

அந்த அம்மா உள்ளே போய் வெள்ளைக் காடாத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். நான் உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்றினேன். அச்சடித்த மாதிரி தையல் விழுந்தது. திருப்பிப் பார்த்தேன், பின்னாலும் அதே முகம். நோட்டை எடுத்துப் பதினொரு கட்டத்திலும் டிக் போட்டேன். பன்னிரண்டாவது அடுத்த பக்கத்தில் இருந்தது. பக்கத்தைத் திருப்பவில்லை.

"கால் மெஷினா பாக்கச் சொன்னாரே அந்த பாய்" என்றாள் அம்மா, என் காதுக்கு மட்டும்.

"இது போதும்மா. நல்லா இருக்கு."

அம்மா மஞ்சள் பையின் இரண்டு காதுகளையும் சேர்த்து முடிச்சுப் போட்டாள்.

ஆட்டோவில் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அம்மாவின் மடியில் பை.

அடுக்கு உயர்ந்தது

நான் காலையில் ஆபீஸ் போய்விட்டு, இருட்டும் நேரத்தில் வருவேன். ஒரு வாரத்தில் முதல் போர்வை மடித்து வைக்கப்பட்டிருந்தது. மேலே கையை ஓட்டிப் பார்த்தேன். இடைவெளி இல்லாத தையல். ஓட்டுத் தையலில் நூலும் வெற்றிடமும் மாறி மாறி வரும், எறும்பு வரிசை மாதிரி. இது கோடு போட்ட மாதிரி இருந்தது.

"நல்லா ஓடுதாம்மா?"

"ஓடுது."

"கஷ்டமா இல்லையே?"

"பழகினு கீறேன்."

இரண்டு, மூன்று, ஐந்து. சுவரோரம் அடுக்கு உயர்ந்தது. அம்மா கையில் வெந்நீர்த் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மெஷின் வந்தும் ஏன் வலிக்கிறது என்று ஒரு நாள் கேட்டேன். "பழைய வலி. அது போறப்ப போவும்" என்றாள். அந்தப் பதில் எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஆபீஸில் பழைய மெஷின் வாங்குவது பற்றி நான் ஒரு நிபுணர் ஆகியிருந்தேன். நோட்டை எடுத்துப் போய்க் காட்டினேன். ஏழு மடிப்பும் வெண்ணெய் மாதிரி தைக்கிறது என்றேன். அதை என் கண்ணால் பார்த்தது கிடையாது என்பதுகூட அப்போது தோன்றவில்லை. மெஷின் இருந்தது, தையல் இருந்தது, தேர்ந்தெடுத்தவள் நான். வேறென்ன வேண்டும்?

விமலா வந்த ஞாயிறு

பக்கத்து மேசையில் உட்கார்ந்த விமலா, குரோம்பேட்டைக்காரி, தானும் ஒரு மெஷின் வாங்க நினைத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மெஷினைப் பார்க்க வீட்டுக்கே வந்துவிட்டாள். பதினோரு போர்வைகள் செம்பாக்கத்துக்குப் போய்விட்டிருந்தன. பன்னிரண்டாவது, தைத்து முடித்து ஓரம் மட்டும் பாக்கியாக, பாயில் கிடந்தது.

"அம்மா, கொஞ்சம் தச்சுக் காட்டேன், விமலா பாக்கட்டும்" என்றேன்.

"இரு, காபித் தூள் வாங்கினு வந்துடறேன்" என்று அம்மா எழுந்தாள்.

"தூள் இருக்கும்மா, நேத்துதானே வாங்கினேன்."

"அப்போ பால்."

"ஆன்ட்டி, எனக்கு ஒண்ணும் வேணாம். ரெண்டே நிமிஷம் ஓட்டிக் காட்டுங்க" என்றாள் விமலா.

அம்மா வாசலில் நின்றாள். எனக்குச் சற்றுக் கோபம் வந்தது. நானே உட்கார்ந்தேன். போர்வையைத் தூக்கி மெஷினில் வைக்கப் பார்த்தேன். சுருட்டினால், ஊசிக்கும் மெஷினின் தூணுக்கும் நடுவில் இருந்த அந்தச் சின்ன இடத்தில் நுழையவில்லை. ஓரத்தையாவது வைப்போம் என்று திணித்தேன். துணியை அழுத்தும் பாதம் முழுதாக இறங்க மறுத்தது. வலது கையால் கைப்பிடியைச் சுற்ற வேண்டும், அத்தனை கனத்தையும் இடது கை ஒன்றே தாங்க வேண்டும். சுற்றினேன். இரண்டு தையல் விழுந்தது. ஒட்டுகள் சேரும் இடம் வந்ததும் சக்கரம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அழுத்திச் சுற்றினேன். டக்கென்று ஊசி உடைந்து என் கன்னத்தில் தெறித்தது.

ரோட்டில் ஒரு லாரி போனது. டம்ளர்கள் அதிர்ந்தன.

"அது இன்னிக்கி மக்கர் பண்ணுது" என்றாள் அம்மா வாசலிலிருந்து. "நேத்து நல்லாத்தான் கண்ணு ஓடிச்சு. எண்ண போடணும்னு நெனச்சினே இருந்தேன், மறந்துட்டேன்."

விமலா நம்பினாள். நான் நம்பவில்லை. அம்மா எதையும் மறக்கிறவள் இல்லை.

விமலா போனதும் கதவைச் சாத்திவிட்டு, போர்வையை மடியில் போட்டேன். மேல்பக்கம் அதே கோடு. திருப்பினேன்.

கயிறு முறுக்கின மாதிரி இருந்தது பின்பக்கம். ஒரு நூல்மேல் ஒரு நூல் ஏறி, ஒவ்வொரு வரிசையும் புடைத்துக்கொண்டு. பள்ளிக்கூடத் தையல் வகுப்பில் எனக்கே சொல்லிக்கொடுத்த தையல்தான், கெட்டித் தையல் என்போம். ஊசி ஓர் அடி முன்னால் போய், அரை அடி திரும்பி வந்து குத்தி, மறுபடி முன்னால் போகும். மேலே இடைவெளி தெரியாது. பார்க்கிறவர்களுக்கு மெஷின் தையல் மாதிரியே இருக்கும். ஆனால் கைக்கு இரண்டு மடங்கு வேலை.

ஏழு மடிப்பில். பன்னிரண்டு போர்வையில். அந்தக் கட்டைவிரலால்.

அம்மா வழக்கமான ஓட்டுத் தையலே போட்டிருக்கலாம். பாதி வலியோடு போயிருக்கும். நான் பார்த்தால் மெஷின் மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் ஒவ்வொரு அடிக்கும் திரும்பி வந்திருக்கிறாள்.

அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு பவுடர் டப்பா இருந்தது. அம்மா எடுத்து வந்து என்முன் வைத்தாள். திறந்தேன். உள்ளே உடைந்த மெஷின் ஊசிகள்.

"மொத வாரமே ட்ரை பண்ணேன்" என்றாள். "ஒடஞ்சினே இருந்திச்சு. அப்பறம் உட்டுட்டேன்."

"ஏம்மா சொல்லலை?"

"ஆபீஸ் பூரா சொல்லிட்டுக் கீற. அந்த இல்லத்துலயும் மெஷின் தையலுன்னுட்ட. எப்டி சொல்றது?"

நான் அந்தப் பொன் கொடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஏமாத்திட்டாங்க" என்றேன். யாரையாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது.

"யாரு ஏமாத்துனா?" அம்மாவின் குரலில் கோபம் இல்லை. "அந்தம்மா இன்னா தைப்பீங்கன்னு கேட்டாங்க. நீ ப்ளவுஸுன்ன. அது ப்ளவுஸு நல்லாத்தான் தைக்கும். மெஷின் மேல தப்பு இல்ல, செல்வி."

அவள் கையை வாங்கிப் பார்த்தேன். விரல் நேராக நின்றது. மெதுவாக மடக்கிப் பார்த்தேன். மடங்கவில்லை.

"வலிக்குதா?"

"இப்ப இல்ல" என்றாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சொல்ல வேண்டியவர்களிடம்

மறுநாள் செம்பாக்கம் போய், அது மெஷின் தையல் இல்லை, கைத்தையல், நான் தவறாகச் சொல்லிவிட்டேன் என்றேன். இரவு முழுக்க மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியம். பொறுப்பில் இருந்த அம்மாள் கணக்குப் பேரேட்டிலிருந்து தலையைத் தூக்கி, "துவைச்சா பிரியாதில்ல?" என்று கேட்டார்.

"பிரியாது மேடம்."

"அப்ப என்னம்மா? பெரியவங்க எல்லாம் நல்லா தூங்குறாங்க" என்றார்.

மெஷின் தையல் என்பது எனக்கு மட்டும்தான் முக்கியமாக இருந்திருக்கிறது.

ஆபீஸில் விமலாவிடமும் சொன்னேன். "எனக்கு ப்ளவுஸ்தான்டி தைக்கணும்" என்றாள். "அதை எனக்கே குடுத்துடேன்." நாங்கள் கொடுத்த விலைக்கே கொடுத்தோம். அந்த மெஷின் அவள் வீட்டில் இன்றும் நன்றாக ஓடுகிறது. அவள் பெண்ணுக்கு ஃப்ராக்கெல்லாம் அதில் தைத்ததுதான்.

பிறகு காதர் பாயிடம் போனேன். வேறு மெஷின் வேண்டும் என்றதும் டீ வாங்கிக் கொடுத்தார். "இரும்புலியூர்லயே முனுசாமின்னு ஒருத்தர் கீறாரு, ஷாமியானா வாடகைக்கு உடறவரு. பந்தல் துணி தச்ச மெஷின் ஒண்ணு சும்மா நிக்குது. பாக்க நல்லா இருக்காது, சொல்லிட்டேன்" என்றார்.

நல்லாத்தான் இல்லை. எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிஷ நடை, தகரக் கொட்டகை. மூங்கில் கழிகளுக்கும் நனைந்த ஜமக்காளங்களுக்கும் பின்னால், உடம்பெல்லாம் கறுப்பு உரிந்து, இரும்பு தெரிய நின்றது. பெயர் எழுதியிருந்த இடமே தேய்ந்து போயிருந்தது. படிக்க ஒன்றும் இல்லை. ஆனால் ஊசிக்கும் தூணுக்கும் நடுவில் ஒரு தலையணை நுழையும். மிதிபலகை அகலமாக இருந்தது. இரண்டு கையும் துணிக்கே மிச்சம்.

முனுசாமி அண்ணன் பீடியை அணைத்துவிட்டு வந்தார். வேலைக்கு வந்த நாலைந்து ஆண்கள் கழிகளை இறக்கிவைத்துவிட்டு நின்று பார்த்தார்கள்.

"இன்னா தைப்பீங்க?" என்றார்.

மஞ்சள் பை இந்தத் தடவை என் தோளில் இருந்தது. கையை விட்டு அந்த மாம்பழ மஞ்சள் துண்டை எடுத்தேன். உதறி, எல்லோரும் பார்க்கும்படி விரித்தேன்.

"பழம்புடவை" என்றேன். "ஏழு மடிப்பு. வூடு வூடா வாங்கித் தைப்போம். எங்கம்மா இருவது வருஷமா தைக்கிறாங்க."

அவர் துண்டை வாங்கி விரலால் அமுக்கிப் பார்த்தார். தடித்த பதினெட்டாம் நம்பர் ஊசியை மாட்டி, ஒதுங்கி நின்றார். "நீங்களே ஒக்காருங்க யக்கா" என்றார் அம்மாவிடம்.

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். மடங்காத விரலைத் துணிக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்ற நான்கு விரலாலும் உள்ளங்கையாலும் துணியை நகர்த்தினாள். கால் மிதித்தது. மாட்டுவண்டி மாதிரி ஒரு சத்தம். ஒட்டுகள் சேரும் இடம் வந்தது. மெஷின் வேகம் குறையவில்லை. அப்படியே தாண்டிப் போனது.

அம்மா தையலைப் பார்க்கவில்லை. துண்டை எடுத்துத் திருப்பி, பின்பக்கத்தை என்னிடம் நீட்டினாள்.

அந்த மெஷினில்தான் இப்போதும் தைக்கிறாள். விரல் மடங்கவில்லை. டாக்டர் சொன்னது போல அப்படியே நின்றுவிட்டது. சோற்றை ஸ்பூனால் சாப்பிடுகிறாள். யாராவது கேட்டால், "ஸ்டைலு" என்கிறாள்.

ஊசி உடைந்த அந்தப் பன்னிரண்டாவது போர்வையைச் செம்பாக்கத்துக்குக் கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாகப் பந்தல் மெஷினில் ஒன்று தைத்துக் கொடுத்தோம். அம்மா கையால் தைத்த அந்தப் போர்வை என் கட்டிலில் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்துவிட்டு, போர்வையைத் தலைகீழாக விரித்திருக்கிறாயே, நல்ல பக்கம் அடியில் போய்விட்டதே என்கிறார்கள். எழுந்து திருப்பிப் போடவும் வருவார்கள்.

வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். எனக்கு அதுதான் மேல்பக்கம்.